சங்கத்துப் பெண்கள் சாவதில்லை

வடசென்னை தென்மாவட்ட மளிகை வணிகர் நலச் சங்கத்தின் இணையப் பக்கத்தை நம்புவதென்றால், இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு அந்தச் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு பெண்கூடச் சாகவில்லை. ஆண்கள் வாரம் தவறாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கட்டத்துக்குள் மீசையோடு வரிசையாக வந்து நின்றார்கள். பெண்கள் மட்டும் சிரஞ்சீவிகளாக இருந்தார்கள். விதிவிலக்கு ஒரே ஒருவர். அவர் தலைவரின் தாயார்.

இந்த விவரம் தெரியாமல், இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், திருவொற்றியூர் மளிகைக்கடை ஜெபசிங்கின் மனைவி ஃப்ளோரா இறந்துபோனாள்.

கடை மாடியில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், "ஒரு சோடா கொண்டாங்களேன்" என்று கீழே குரல் கொடுத்தாள். ஜெபசிங் தராசில் இருந்த துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டி முடித்துவிட்டு, சோடாவை உடைத்துக்கொண்டு மேலே போனார். அதற்குள் சாய்ந்துவிட்டாள். கையில் புளி ஒட்டியிருந்தது. அந்தப் பொட்டலத்தைக் கட்டாமல் போயிருந்தால் என்ன என்று அவர் பிற்பாடு ஆயுள் முழுக்க யோசிக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த வாரத்தில் அதற்கு அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. சங்கம் குறுக்கே வந்துவிட்டது.

சங்கம் குறுக்கே வந்த காரணம் ஒற்றை மகன் வால்டர். அவன் சவுதியில், தம்மாம் நகரத்தில், சுப்புராஜ் அண்ணாச்சியின் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தான். போய் மூன்றாவது வருஷம். வெள்ளிக்கிழமை வார விடுப்பு. அன்றைக்கு டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுவான். மற்ற நாளில் அவனைப் பிடிக்க வேண்டுமானால் கடைக்குத்தான் போன் செய்ய வேண்டும். கடையில் போனை எடுப்பவர் சுப்புராஜ். வால்டரின் பாஸ்போர்ட்டும் சுப்புராஜின் அலமாரியில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவே ஜெபசிங் போன் செய்தார். சுப்புராஜ் முழுவதும் கேட்டுக்கொண்டார். நடுவில் மூன்று தடவை 'அடடா' சொன்னார்.

"ஜெபசிங்கு, எனக்கு மனசே சரியில்ல. ஆனா நான் சொல்லுதத நீரும் கேளும். என் கடையில அத்தன பயலுவ இருக்கான். போன வருசம் ஒருத்தனுக்கு ஆத்தா மூணு தடவ செத்தா. மூணு தடவயும் தந்தி வந்துது. இன்னொருத்தன் சர்ச் ஃபாதர் கையெழுத்தோட கடுதாசியே கொண்டாந்தான். ஊருக்குப் போயி கல்யாணம் முடிச்சிட்டு வாரான். அதனால ஒரு சட்டம் வச்சிருக்கேன். நம்ம சங்கத்துப் பக்கத்துல வந்தாத்தான் சாவு. தந்தி, போனு, ஃபேக்ஸு எதுவும் செல்லாது. பக்கத்துல வரட்டும், அடுத்த நிமிசம் பாஸ்போர்ட்ட கையில குடுத்து டிக்கெட்டும் நானே போடுதேன்."

"சரி அண்ணாச்சி, போட்டுருதேன். வால்டர்ட்ட மட்டும் ஒரு வார்த்த..."

"உறுதியாகாத சாவச் சொல்லி ஒரு பயல எதுக்குவே அழ வைக்கணும்? பாவம், ஸ்டாக் எடுத்துக்கிட்டு இருக்கான்."

சுப்புராஜ் இரக்கமுள்ளவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயருக்குப் பழுது வராமல் போனை வைத்தார்.

ஐஸ் பெட்டி வந்தது. மாடிப்படி குறுகல் என்பதால் ஃப்ளோராவைக் கீழே இறக்கி, கடைக்குள்ளேயே, கல்லாவுக்கு முன்னால் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அடக்கம் என்று போதகர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் பெட்டியும் தாங்காது, அடிக்கடி போகும் கரண்டும் தாங்காது. வியாழக்கிழமை இரவு விமானம் ஏறினால்கூட மகன் வந்து முகம் பார்த்துவிடலாம். ஜெபசிங் வியாபாரி. நாளையும் நேரத்தையும் ஒரு நிறுவையில் போட்டுப் பார்த்தார். முள் நடுவில் நின்றது. போதும் என்று நினைத்தார்.

புதன்கிழமை காலை, எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் ஊர்ந்து, ராயபுரம் சங்கக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஃப்ளோராவின் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். அட்டை வியர்வையில் நனைந்துவிடுமோ என்று வழியெல்லாம் கையால் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சங்கத்தின் கம்ப்யூட்டர் அறை, பழைய சர்க்கரை மூட்டைக் கிடங்கு. அதில் உட்கார்ந்து பக்கத்தைக் கவனித்துக்கொண்டவன் வியாசர்பாடி டில்லிபாபு. சங்கத்து உறுப்பினர் அல்ல, சம்பளத்துக்கு வந்தவன். அவனால் எழுத முடியும். அதை இணையத்தில் ஏற்ற முடியாது. ஏற்றுவதற்குக் கடவுச்சொல் வேண்டும். கல்லாவுக்கு இரண்டு சாவி போட்டுப் பழகிய சங்கம் அது. கடவுச்சொல்லையும் இரண்டாக வெட்டி, முன்பாதியைச் செயலாளரிடமும் பின்பாதியைத் தலைவரிடமும் கொடுத்திருந்தது. ஒருவர் தட்டும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். டில்லிபாபு அறைக்கு வெளியே போய் நிற்க வேண்டும்.

அன்றைக்குத் தலைவரின் பாதியை அவருடைய மருமகன் கொண்டுவந்து தட்டினார். செயலாளர் தவசிமுத்து தம் பாதியைத் தட்டிவிட்டு, "ஏறிட்டு. அம்மா ஆத்மா சாந்தியடையட்டும்" என்று சொல்லி நெற்றியைத் துடைத்தார்.

ஜெபசிங் திரையைப் பார்த்தார். பெரம்பூர் ஆள் ஒருவர் இருந்தார். அடுத்து மாதவரம் ஆள் ஒருவர் இருந்தார். நடுவில் ஃப்ளோரா இல்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் வைக்கும் இடைவெளிகூட இல்லை. இரண்டு மீசைகளும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"தம்பி, வரலியே."

டில்லிபாபு நாற்காலியை இழுத்துப் போட்டு எதையோ அழுத்தினான். பக்கம் மறைந்து, குறியும் கோடுமாக ஓர் எழுத்துக் குவியல் வந்தது. விரலை வைத்துக் காட்டினான்.

"இந்தா பாருங்க அண்ணாச்சி. ஃப்ளோரா ஜெபசிங், திருவொற்றியூர், வயசு அம்பத்தொண்ணு. உள்ள கீறாங்க. காட்டாதேன்னு ஒரு ரூலு தடுத்துகினு கீது."

ஜெபசிங் குனிந்து பார்த்தார். அடைப்புக்குறிகளுக்கு நடுவில் அவள் பெயர் இருந்தது. ஏதோ கம்பி வேலிக்கு உள்ளே நிற்பவள்போல இருந்தாள்.

"யாரு போட்ட ரூலு?"

"வுடுங்க, அதைக் கேட்டா பேஜாரு. இன்னா மேட்டருன்னா, இந்தப் பேஜுக்கு ரெண்டு ஃபைலு. ஒண்ணுல சரக்கு. இன்னொண்ணுல சரக்கை எப்டிக் காட்டணும்னு ரூலு. எல்லாருக்கும்னு பொதுவா ஒரு ரூலு போட்டா அதுக்கு வெயிட்டு கம்மி. ஆம்பளைங்க, பொம்பளைங்கன்னு ஒரு கூட்டத்துக்குப் போட்டா கொஞ்சம் ஜாஸ்தி. ஒருத்தருக்குன்னு தனிப் பேரு வச்சுப் போட்டா, அதுதான் கெத்து. ரெண்டும் ஒரே வெயிட்டா? ஃபைல்ல யாரு கீழ கீறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க. இதுக்கெல்லாம் மேல ஒண்ணு கீது. ரூலு பக்கத்துல 'முக்கியம்'னு ஒரு வார்த்தை எழுதிட்டா, அது மத்ததையெல்லாம் மிதிச்சிகினு போய்டும்."

"ரெண்டு பேரும் முக்கியம்னு எழுதினா?"

"அப்ப மறுபடியும் வெயிட்டு. அப்பால யாரு கீழன்னு பாக்கும்."

"தராசு மாதிரில்லா இருக்கு."

"தராசேதான். கல்லு மட்டும் அவங்க கையில கீது."

ஜெபசிங்குக்கு இது பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. சங்கத்துக்கு இரண்டு வருஷமாகப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறிப் புரிந்துவிட்டது, அதுதான் கோளாறு. 'முக்கியம்' என்று ஒரு வார்த்தை இருப்பது வெளியே கசிந்ததும், துணைத் தலைவர் தம் பெயர் நீலத்தில் வர வேண்டும் என்று ஒரு விதி எழுதி முக்கியம் போடச் சொன்னார். பொருளாளர் தம் பெயர் பெரிதாக வர முக்கியம் போட்டார். மாதம் முடிவதற்குள் முக்கியமில்லாத விதி ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் முக்கியமானதும், கீழே இருப்பவன் ஜெயிப்பான் என்கிற சங்கதி வெளியே வந்தது. பொதுக்குழு மேடையில் முதல் வரிசை நாற்காலிக்காக வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், சங்க வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவர் சட்டை கிழிந்தது. முடிவில் ஒரு சமரசம்: செயலாளர் எழுதிய விதிகளே ஃபைலின் கடைசியில் இருக்கும், அவற்றுக்குக் கீழே எவரும் எழுதக் கூடாது.

பெண்களைக் காட்டாதே என்கிற விதி, செயலாளர் எழுதியது. முக்கியம் போட்டது. கடைசியில் இருந்தது.

தவசிமுத்து தம் அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஜெபசிங்கை உட்காரச் சொன்னார். ஒரு டீ வரவழைத்தார். வீட்டில் சாவு விழுந்தவர் டீ குடிப்பாரா என்று யோசித்து, அதையும் தாமே குடித்தார்.

"ஜெபசிங், இன்டர்நெட்டுங்கிறது பொதுத் தெரு. அமெரிக்காக்காரன் பாக்கான், சீனாக்காரன் பாக்கான். நம்ம வீட்டுப் பொம்பளையள் படத்த அங்க ஒட்ட முடியுமா? எவன் எதுல எடுத்து எதுல ஒட்டுவான்னு யாருக்குத் தெரியும்? அதான் ரெண்டாயிரத்துல தீர்மானம் போட்டோம். நம்ம பெண்களைக் கண்ணுக்குள்ள வச்சிப் பாக்கோம். அதான் வெளிய தெரிய மாட்டேங்கு."

"செத்தவளுக்குமா அண்ணாச்சி?"

"உயிரோட இருக்கவ நாளைக்குச் சாவா. அப்ப மட்டும் காட்டலாம்னா, தீர்மானத்துக்கு என்ன மரியாதை?"

"அந்த ஒரு விதிய எடுத்துட்டா..."

தவசிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம், யாரோ கோயில் உண்டியலைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டதுபோல ஆயிற்று.

"எடுக்கதா? தீர்மானத்த எப்படிவே எடுப்பீரு? மினிட் புத்தகத்துல அடித்தல் திருத்தல் கூடாது, அது சங்கம் பதிவான நாள்லேருந்து உள்ள நடைமுறை. அந்த ஃபைலும் மினிட் மாதிரிதான். புதுசா எழுதலாம். பழச அழிக்கக் கூடாது."

அதனால் புதிதாக எழுதினார்கள். 'பெண்களைக் காட்டு' என்று டில்லிபாபு ஒரு விதி எழுதினான். முக்கியம் போட்டான். செயலாளரின் விதிக்குக் கீழே எழுதக் கூடாதென்பதால் மேலே எழுதினான். செயலாளர் திரும்பி நிற்க மருமகன் தட்டினார். மருமகன் திரும்பி நிற்கச் செயலாளர் தட்டினார். பெரம்பூர் மீசையும் மாதவரம் மீசையும் ஒட்டிக்கொண்டே நின்றன.

"இன்னொரு வாட்டி அமுக்கிப் பாரு தம்பி."

"அண்ணாச்சி, நூறு வாட்டி அமுக்கினாலும் அவுரு கீழ கீறாரு. அவுருதான் ஜெயிப்பாரு."

"பேர் சொல்லிப் போட்டா?"

"போடலாம். போட்டா சோக்கா வந்துடுவாங்க. ஆனா தனிப் பேரு நிர்வாகிங்க ஃபேமிலிக்குத்தான்னு தீர்மானம் கீது. தலைவரோட ஆத்தாவுக்கு மட்டும் ஒண்ணு போட்டு வச்சிகீறோம். அதனாலதான் அவங்க மட்டும் தெரியறாங்க." கொஞ்சம் யோசித்தான். "வேணும்னா ஒண்ணு பண்லாம். அம்மா பேருக்கு முன்னாடி பொம்பளைன்னு கீது பாருங்க, அதை ஆம்பளைன்னு மாத்திட்டா அப்டியே வந்துடும்."

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளை ஆணாக்குவதா என்பதல்ல, அதனால் மகன் வந்துவிடுவானா என்பதே ஜெபசிங்கின் யோசனை. "மாத்து" என்றார்.

செயலாளர்தான் மறுத்துவிட்டார்.

"ஆம்பிளைன்னு பக்கத்துல வந்துட்டா, உறுப்பினர் மறைவுன்னு கணக்காயிடும். திருவொற்றியூர்லேருந்து ராயபுரம் வர அத்தன கடையும் பாதி ஷட்டர் இறக்கணும். கிருஷ்ண ஜெயந்தி நேரம். நெய் ஓடுத நேரத்துல ஷட்டர இறக்கச் சொல்லுதியளா? வேணும்னா நாளைக்கு அவசரக் கூட்டம் போடுதேன். தலைவர் வருவாவ."

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். தலைவர் அய்யாத்துரை வர ஒன்றரை ஆயிற்று. கோரத்துக்குத் தேவையான ஆள் சேர இரண்டு. முதலில் ஃப்ளோராவுக்காக எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால், யார் முதலில் உட்காருவது என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி நின்றார்கள். தலைவருக்கு மூட்டு வலி. அவர் உட்கார்ந்ததும் துக்கம் நிறைவடைந்தது.

தலைவர் பேச எழுந்தார்.

"அன்பார்ந்த வணிகப் பெருமக்களே! தாய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் எனக்கும் ஒரு தாய் இருந்தார். அவர் மறைந்தபோது நம் பக்கத்தில் அவர் படம் வந்தது. மலேசியாவிலிருந்து அழுதார்கள். கனடாவிலிருந்து ஒருவர் அழுதார், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. சிலர் கேட்கிறார்கள், தலைவர் தாய்க்கு ஒரு நீதி, உறுப்பினர் மனைவிக்கு ஒரு நீதியா என்று. நான் கேட்கிறேன், ஒரே நீதி இருந்தால் தலைவர் எதற்கு?"

கைதட்டினார்கள்.

"ஆனாலும் என் மனம் கல் அல்ல. தீர்மானத்தையும் அழிக்கக் கூடாது. புதுத் தனிப் பெயரும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நாளைக்கு எல்லா வீட்டுப் பெண்களும் சாக ஆரம்பித்துவிடுவார்கள். எனவே நான் ஒரு முடிவெடுத்திருக்கிறேன். என் அன்னைக்கென்று அந்தப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள், என் அன்னையின் மடியில், சகோதரி ஃப்ளோராவுக்கு இடம் கொடுக்கிறேன்!"

மண்டபம் அதிர்ந்தது. செயலாளர் கண்ணைத் துடைத்தார். பொருளாளர் எழுந்து வந்து தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை கைவசம் இருந்ததைப் பார்த்தால் முடிவு முன்பே பேசப்பட்டது போலத்தான் தோன்றியது.

வாசற்படியில் நின்ற டில்லிபாபுவுக்கு முகம் செத்துவிட்டது. உறுப்பினர் அல்லாதார் கூட்டத்தில் பேசக் கூடாது. கடைசி வரிசையில் இருந்த ஜெபசிங்கின் காதுக்குக் குனிந்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டி வேணாம். அது மொத்தமும் ஒரே படம். ஆர்ட்டிஸ்ட்டு வரைஞ்சது. ஆத்தா மூஞ்சி, பேரு, கவிதை எல்லாம் படத்துலயே கீது. அதுக்குள்ள எதைப் போட்டாலும் திரைக்கு வெளிய தள்ளிடுன்னு ரூலு. உங்க வூட்டம்மாவைப் போட்டா அவங்க வெளிய போய்டுவாங்க, தலைவரோட ஆத்தாதான் தெரியும்."

ஜெபசிங் எழுந்தார். "தலைவர் அண்ணாச்சி, ஒரு விசயம்..."

"நன்றியுரை!" என்று செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். "இப்போது சகோதரர் ஜெபசிங் அவர்கள் நன்றியுரை ஆற்றுவார்கள்."

"நன்றி இல்ல, அந்தப் பெட்டியில..."

"பெட்டியில் இடம் கொடுத்த தலைவருக்கு நன்றி என்கிறார். துக்கத்தில் நா எழவில்லை," என்று செயலாளர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஜெபசிங்கைப் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து அன்போடு உட்கார வைத்தார்கள். யாரோ முதுகைத் தடவினார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டபடியால், அதைப் பற்றி இனிப் பேசுவது ஒழுங்குமுறைக்கு விரோதம் என்றும் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

மாலையில் கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பக்கம் ஏறியது. ஃப்ளோரா தலைவரின் அன்னையின் மடிக்குப் போய்ச் சேர்ந்தாள். உலகம் பார்க்கும்படியாகப் பக்கத்தின் உச்சியில், பூமாலையும் குத்துவிளக்கும் கவிதையுமாக, தலைவரின் தாயார் இரண்டாம் முறை இறந்தார்.

ஒன்பது மணிக்கு மலேசியாவிலிருந்து போன் வந்தது. கனடாக்காரர் மறுபடியும் அழுதார். இறந்து வருஷம் கடந்த விஷயம் பலருக்கு மறந்திருந்தது, நினைவிருந்தவர்களும் திவசம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய மாலையோடு இரண்டு கார்கள் தலைவர் வீட்டுக்கு வந்தன. தலைவர் முதலில் திகைத்தார். பிறகு வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

முகம் பார்க்க வர முடியாவிட்டாலும் சேதியாவது மகனுக்குப் போகட்டும் என்று ஜெபசிங் தம்மாமுக்குப் போன் செய்தார்.

"பாத்தேன் பாத்தேன்," என்றார் சுப்புராஜ். "தலைவரோட அம்மால்லா வந்திருக்காவ. இப்பதான் துக்கம் விசாரிச்சேன். உம்ம வீட்டம்மா பேரக் காணலியே?"

"அதுக்குள்ளதாம் அண்ணாச்சி இருக்கா. அந்தப் படத்துக்கு உள்ள. வெளிய தெரியாது."

இப்படி ஒரு சாக்கைச் சுப்புராஜிடம் எந்தப் பையனும் இதுவரை சொன்னதில்லை.

"ஜெபசிங்கு, வயசுல மூத்தவரு நீரு. நான் ஒண்ணும் சொல்லல," என்று வைத்துவிட்டார்.

டில்லிபாபு தலைவர் வீட்டுக்கே ஓடினான். படத்தை மட்டும் ஒரு நாள் எடுத்துவிடலாம் என்று கேட்டான். மாலைகளுக்கு நடுவிலிருந்து தலைவர் சொன்னார்: "இவ்வளவு பேர் அழுதுவிட்ட பிறகு எடுத்தால், அவர்கள் அழுததற்கு என்ன மரியாதை? திங்கட்கிழமை பார்ப்போம்."

அங்கிருந்து அவன் திருவொற்றியூருக்கு வந்தான். கடைக்குள் பெண்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மணி மூன்றரை. சவப்பெட்டி வந்துவிட்டது. போதகர் பைபிளைத் திறந்து வைத்திருந்தார். டில்லிபாபு செருப்பைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிக்குக் குனிந்து, அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தான். இந்த மூன்று நாளில் அவன் நூறு தடவை தட்டிய பெயர்.

"சாரி அண்ணாச்சி," என்றான். "எவ்வளவோ பண்ணேன்."

"நீ என்னப்பா செய்வ," என்றார் ஜெபசிங். "உள்ள இருக்காங்கிறத நீ ஒருத்தன்தான் காட்டின."

அப்போதுதான் கல்லாவில் இருந்த போன் அடித்தது. தூரத்துப் போன் என்று அதன் நீண்ட மணியிலேயே தெரிந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். கடை சட்டென்று அமைதியாயிற்று. ஜெபசிங் எடுத்தார்.

"யப்பா! நான்தான். லைன் இன்னைக்கு நல்லாருக்கு, பக்கத்துல நிக்க மாதிரி கேக்கு." வால்டரின் குரலில் சிரிப்பு இருந்தது. "முந்தாநாள்லேருந்து எனக்கு மனசே சரியில்லப்பா. முதலாளி ஒரு மாதிரியா பாத்துக்கிட்டே இருந்தாரு. மேனேஜர் வேற, ஊருல எல்லாரும் சௌக்கியமான்னு ரெண்டு தடவ கேட்டாரு. பயந்துட்டேன். காலைல முத வேலையா நெட் சென்டர் போயி நம்ம சங்கப் பக்கத்தத் தொறந்து பாத்தேன். மேலேருந்து கீழ வர ஒண்ணு விடாம பாத்தேன். நம்ம வீட்டுல யாரும் இல்ல. அப்பறந்தான் சோறே எறங்கிச்சி."

ஜெபசிங் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"அதவிடக் கூத்து, தலைவரோட அம்மா மறுபடியும் செத்திருக்காங்கப்பா! செத்தவங்கள எத்தன தடவதான் சாகடிப்பாங்க? இங்க பசங்கல்லாம் ஒரே சிரிப்பு. அம்மாட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா. சரி, கார்டு தீரப் போவுது. அம்மாட்ட குடுங்க. வெள்ளிக்கிழமைன்னா போன் பக்கத்துலயே காத்துக்கிட்டு கெடப்பாளே."

ஐஸ் பெட்டி கல்லாவை ஒட்டித்தான் இருந்தது. அவள் முகத்துக்கு மேலே கண்ணாடியில் நீர்த்துளிகள் படிந்திருந்தன. ஜெபசிங் மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆமா மக்கா," என்றார். "பக்கத்துலதான் கெடக்கா. மூணு நாளா உனக்காகத்தான் காத்துக்கிட்டு கெடக்கா."